மூலம்தான் என்று இருந்துவிடாதே மச்சான்

அன்புள்ள மச்சான்,

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம், போட்டோ எல்லாம் பார்த்தோம், வர முடியவில்லையே என்று இவளுக்கு இன்னும் வருத்தம். லண்டன் கதையெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். உன் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, மலத்தோடு ரத்தம் போகிறது, மூலம்தான், துத்தி இலையும் கருணைக்கிழங்கு லேகியமும் சாப்பிடுகிறேன் என்று, அதுதான் மனசைப் போட்டு அரிக்கிறது. மூலம் என்று யார் பார்த்துச் சொன்னது?

மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் உன் அண்ணனுக்கும் முதலில் மூலத்துக்குத்தானே மருந்து கொடுத்தார்கள், 52 வயதில் பெருங்குடலில் புற்றுக்கட்டி என்று தெரிந்தது அதற்குப் பிறகுதானே? சிவப்பாகப் போனால் பயமில்லை என்று ஊரில் சொல்வதை நம்பாதே. மலக்குடலில் கட்டி இருந்தாலும் சிவப்பாகத்தான் போகும், மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. போகிற பழக்கம் மாறி வாரக்கணக்கில் அப்படியே இருப்பது, போய்விட்டு வந்தும் மிச்சம் இருக்கிற மாதிரி தோன்றுவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, இதெல்லாம் உனக்கு இருக்கிறதா? ஹீமோகுளோபின் பார்த்தாயா? நம் வயதில் ஆம்பிளைக்கு அது குறைந்தால் டானிக் மட்டும் குடித்துவிட்டு இருக்கக்கூடாது, வலது பக்கக் குடலில் வரும் கட்டி கண்ணுக்கே தெரியாமல் ரத்தம் கசியும்.

குடல் புற்று பெரும்பாலும் குடலின் உள்சுவரில் மரு மாதிரி ஒரு சின்ன வளர்ச்சியாகத்தான் ஆரம்பிக்கிறது, பாலிப் என்கிறார்கள். வலிக்காது. எல்லா பாலிப்பும் புற்றாவதில்லை, ஆகிறதுக்கும் ஏறக்குறைய பத்து வருஷம் பிடிக்கிறது, அதற்குள் கண்டுபிடித்தால், ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிறார்களே, கொலனோஸ்கோபி, அதைச் செய்யும்போதே கம்பி வளையம் போட்டு எடுத்துவிடுவார்கள். வருமுன் தடுக்க இப்படி ஒரு வழி எத்தனை புற்றுநோய்க்கு இருக்கிறது சொல்!

இங்கே 50 முதல் 74 வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தபாலில் ஒரு சின்னக் குப்பி வருகிறது, மூடியோடு இருக்கும் குச்சியால் மலத்தைக் கொஞ்சம் சுரண்டி உள்ளே போட்டு அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். நம் ஊரில் அரசு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுக்குத்தான் பரிசோதனை நடத்துகிறது, குடலுக்கு நாமாகத்தான் போக வேண்டும். உனக்கு அந்தக் குப்பியும் போதாது. ரத்தம் போகிறது, அண்ணனுக்கும் இருந்திருக்கிறது, அதனால் நேராகக் குடல் டாக்டரிடம் போய் அண்ணன் விஷயத்தை முதலில் சொல்.

கொலனோஸ்கோபிக்கு முந்தின நாள், குடலைச் சுத்தம் செய்யப் பொடியைக் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்வார்கள், ராத்திரி முழுக்கக் கழிப்பறைதான், கஷ்டமே அதோடு சரி. மறுநாள் மயக்கத்துக்கு ஊசி போட்டால் ஒன்றும் தெரியாது, ஆனால் பைக் ஓட்டக்கூடாது, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ.

சிகரெட்டை விட்டுவிடு, குடியையும். கீரை, பயறு, நடை எல்லாம் நல்லதுதான். சாசேஜ் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015லேயே சொல்லிவிட்டது, ஆட்டுக்கறியையும் குறைத்துக்கொள். ஆனால் கீரை சாப்பிடுகிறேனே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதே.

தங்கச்சியிடமும் சொல். கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் மற்றவர்கள் 40 வயதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், அவளுக்கு அது தாண்டிவிட்டது. டாக்டரிடம் தேதி வாங்கியதும் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் நண்பன்