பாப்பாவின் கேள்விக்குப் பதில்

சென்னை

அன்புள்ள தம்பி,

இங்கு நாங்கள் நலம். அப்பாவின் மூட்டுவலி குறைந்திருக்கிறது. மாம்பலத்து வெயில்தான் குறையவில்லை.

"நம் ஊரில் டைனோசர் இருந்ததா பாட்டி?" என்று பாப்பா போனில் கேட்டாளே, அவளுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. இதை நீயே அவளுக்குப் படித்துக் காட்டு. உன் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய, 'உலகின் மிகப்பெரிய விலங்கு தமிழ் மண்ணில்' என்று மார்தட்டும் செய்தியை மட்டும் காட்டிவிடாதே.

டைனோசர் எலும்பு கிடைத்தது சென்னையில் அல்ல, அரியலூர்ப் பக்கம். எழும்பூரில் ரயில் ஏறி விருத்தாசலம் தாண்டினால் வருமே, அந்தச் சிமெண்ட் ஆலை ஊர்தான். ஒரு காலத்தில் அங்கெல்லாம் கடல் இருந்தது. கல்லமேட்டில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டு பழைய மண்ணடுக்கில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் சில எலும்புகளைக் கண்டெடுத்து, 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழு உடல் கிடைக்கவில்லை. இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, வாலின் ஒரு முள்ளெலும்பு, அவ்வளவுதான். அதில் கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர்! பெரிதென்று பேர்போன அர்ஜென்டினோசாரஸுக்கே அது ஒன்றரை மீட்டர் சொச்சம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதலில் அதைப் புலால் உண்ணி என்றுதான் எழுதினார்கள். நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்ற முடிவு 1990களில்தான் வந்தது. துண்டு எலும்பை வைத்துக்கொண்டு பேசினால் இப்படித்தான், பல்லும் தலையும் கிடைக்காதவரை யார் எதைத் தின்றார்கள் என்பது சுலபத்தில் பிடிபடாது.

அடுத்ததுதான் எனக்கு ஆற்றாமை. அந்த எலும்புகள் இப்போது இல்லை. தொட்டால் உதிரும் பதத்தில் இருந்தவை, சிதைந்தே போய்விட்டன. வெகுகாலம் வெளியுலகுக்குத் தெரிந்தவை கோட்டோவியங்களும் அளவுகளும்தான். அதனால், எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாத்தனூர் கல்மரத்தை நீயே சிறு வயதில் பார்த்திருக்கிறாய். அந்த வட்டாரத்தில் மரம் கல்லாவது புதிதல்ல. 2022இல் பழைய புகைப்படங்கள் வெளிவந்த பிறகுதான், எலும்புதான் என்ற பக்கம் வலுத்தது. மறு வருடமே எடைக் கணக்கும் வந்துவிட்டது: 100 டன்னுக்கு மேல், நீலத் திமிங்கிலத்தோடு போட்டி போடுமாம்!

பெரிய தாவர உண்ணி ஒன்று அங்கே மேய்ந்தது என்பதை நான் நம்புகிறேன். எடைக் கணக்கை நம்பத் தயாராக இல்லை. தராசில் வைக்க ஒரு எலும்புகூட இல்லாமல் டன் கணக்கு எதற்கு? பாப்பாவிடம் 'இருக்கலாம்' என்றே சொல். "ஏன் பாட்டி?" என்று கேட்டால் போனை என்னிடம் கொடு.

டிசம்பரில் நீங்கள் வரும்போது அரியலூர் போகலாம் என்று அப்பா சொல்கிறார். வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் இருக்கிறது, அம்மோனைட்டுகள் என்னும், அழிந்துபோன கடல் உயிர்களின் சுருண்ட ஓடுகளைப் பார்க்கலாம். புருகத்காயோசாரஸ் அங்கே இருக்காது என்பதை இப்போதே அவளிடம் சொல்லி வை, இல்லாவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்து அழுவாள். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும், தேதியை எழுது.

அன்புடன்,
அம்மா