எத்தனை ஓட்டுன்னு மட்டும் போடாதீங்க, யாரோட ஓட்டுன்னும் போடுங்க

ஆசிரியர் சார் அவர்களுக்கு வணக்கம்,

தக்கலையில இருந்து எழுதுறேன். ஏதாவது ஒரு நாட்டு ஜனாதிபதி மேல இம்பீச்மெண்ட், அதாவது பதவி நீக்க தீர்மானம் வந்தா வெளிநாட்டு செய்தி பக்கத்துல நிறைவேறிச்சு, தோத்துச்சுன்னு ரெண்டு வரியில முடிஞ்சிடுது, எந்த கட்சிக்காரங்க எந்த பக்கம் ஓட்டு போட்டாங்கன்னு வர்றதே இல்ல, ஆனா அதுல பாக்க வேண்டிய காரியமே அதாக்கும். நம்ம மாவட்டத்துல பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிற வீடு நிறைய, அதனால அங்கத்த அரசியல் இங்க டீக்கடை வரைக்கும் வரும். "டிரம்ப ரெண்டு தடவ தூக்குனாங்கல்லா, பின்ன எப்படி திரும்ப வந்தாரு"ன்னு கேக்குறவங்க இப்பவும் இருக்காங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கு கிடைச்ச செய்தி அவ்வளவுதான்.

அமெரிக்காவுல கீழ்சபையில பாதிக்கு மேல ஓட்டு விழுந்தா குற்றம் சாட்டியாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், ஆளு பதவியிலதான் இருப்பாரு. இறக்கணும்னா மேல்சபையான செனட்ல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். 1868ல ஆண்ட்ரூ ஜான்சன், 1998ல கிளிண்டன், 2019லயும் 2021லயும் டிரம்ப், ஒரு தடவை கூட ஆள இறக்கல. ஜான்சன் தப்பிச்சது ஒரே ஒரு ஓட்டுல.

கிளிண்டன் கதைய பாருங்க. சத்தியம் பண்ணிட்டு பொய் சொன்னாருங்கிற குற்றச்சாட்டு சும்மா ஜோடிச்சது இல்ல. ஆனாலும் எதிர்க்கட்சியான குடியரசு கட்சி அத ஓட்டு வாங்குற சோலியா எடுத்துக்கிட்டதா ஜனங்களுக்கு பட்டுது. 1998 நவம்பர் எலெக்ஷன்ல கிளிண்டனோட ஜனநாயக கட்சிக்கு கீழ்சபையில 5 சீட்டு கூடுதலா கிடைச்சுது, ஆளுங்கட்சி வழக்கமா சீட்டு இழக்கிற எலெக்ஷன் அது, குடியரசு கட்சி சபாநாயகர் கிங்ரிச் பதவிய விட்டு போறேன்னுட்டாரு. அதுக்கு அப்புறமும் டிசம்பர்ல தீர்மானத்த கொண்டு வந்து நிறைவேத்துனாங்க, செனட்ல ஒரு ஜனநாயக கட்சிக்காரர் கூட குற்றவாளின்னு ஓட்டு போடல.

எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுதான். கிளிண்டனுக்கு எதிரா செனட்ல வாதாடுன எம்பிகள்ல ஒருத்தர் டிரம்ப்போட அதே குடியரசு கட்சிக்காரரான லிண்ட்சே கிரஹாம், 2019 தீர்மானம் 2020ல செனட்டுக்கு வந்தப்ப அதே ஆளு டிரம்ப் குற்றவாளி இல்லன்னு ஓட்டு போட்டாரு. எதிர்ப்பக்கம் ஜனநாயக கட்சிக்காரர் சக் ஷூமர், கிளிண்டன காப்பாத்த கீழ்சபையிலயும் செனட்லயும் ஓட்டு போட்டவர், 2020ல டிரம்ப் குற்றவாளின்னாரு. ரெண்டு வழக்கும் ஒண்ணு இல்ல, ஒத்துக்கிறேன், ஆனா ரெண்டு தடவையும் ரெண்டு பேருக்கும் சட்டம் சொந்த கட்சி பக்கமே சாஞ்சுதுன்னா அதுக்கு என்ன பேரு? 2020ல செனட்ல சொந்த கட்சிய மீறி ஓட்டு போட்டது குடியரசு கட்சி மிட் ராம்னி ஒருத்தர்தான்.

2021 வேற மாதிரி. நாடாளுமன்றத்துக்குள்ள கும்பல் புகுந்த பிறகு வந்த தீர்மானம், என் அபிப்பிராயத்துல அத கொண்டு வந்தது நியாயம். கீழ்சபையில டிரம்ப் கட்சிக்காரங்க 10 பேரு அவருக்கு எதிரா ஓட்டு போட்டாங்க, செனட்ல 7 பேரு, 57க்கு 43, வேண்டியது 67. செனட்ல டிரம்ப் கட்சிக்கு தலைவரா இருந்த மிட்ச் மெக்கானல் விடுதலைன்னு ஓட்டு போட்ட கையோட அதே நாள்ல, நடந்ததுக்கு டிரம்ப்தான் பொறுப்புன்னு சபையிலயே பேசுனாரு, ஆளு பதவியில இல்லாததால தண்டிக்க அதிகாரம் இல்லன்னு காரணம் சொன்னாரு. கீழ்சபையில எதிரா ஓட்டு போட்ட அந்த 10 பேருல 2022 எலெக்ஷன்ல திரும்ப ஜெயிச்சது 2 பேருதான், அவங்கள்ல ஒருத்தரான லிஸ் செனி சொந்த கட்சி வேட்பாளர் தேர்வுலயே தோத்தாங்க. டிரம்ப் 2024ல ஜெயிச்சாரு. மனசாட்சிப்படி ஓட்டு போட்டா சீட்டு போகும்னு மத்தவங்க படிச்சுக்கிட்டாங்க.

தென் கொரியாவுல இது இன்னும் பளிச்சுன்னு தெரியும், அங்க நாடாளுமன்றத்துல தீர்மானம் நிறைவேறுனா கடைசி முடிவு அரசியல் சட்ட கோர்ட்டோடது. 2004ல எதிர்க்கட்சிகள் சேந்து ஜனாதிபதி ரோ மூ ஹியூன் மேல தீர்மானம் நிறைவேத்துச்சு, அடுத்த மாசமே வந்த எலெக்ஷன்ல அவரு பக்கம் இருந்த கட்சி 299ல 152 சீட்டு ஜெயிச்சுது, கோர்ட்டும் தீர்மானத்த தள்ளுபடி பண்ணிச்சு. 2016ல ஜனாதிபதி பார்க் குன் ஹே மேல 234 ஓட்டு விழுந்துது, சொந்த கட்சிக்காரங்க நிறைய பேரு சேராம அந்த எண்ணிக்கை வராது, கோர்ட்ல 8 நீதிபதியும் பதவிய பறிக்கணும்னு ஒரே தீர்ப்பு. 2024 டிசம்பர்ல ஜனாதிபதி யூன் சுக் இயோல் மேல வந்த முதல் தீர்மானம் அவரு கட்சிக்காரங்க வெளிய போனதால விழுந்துது, ஒரு வாரத்துல அதே கட்சியில கொஞ்ச பேரு மனசு மாறுனதும் நிறைவேறிச்சு, 2025 ஏப்ரல்ல பதவி போச்சு.

இதெல்லாம் அடுத்தவன் வீட்டு விஷயம்னு விட முடியாது. நம்ம ஜனாதிபதிய நீக்க அரசியல் சட்டத்துல 61வது பிரிவு இருக்கு, இதுவரைக்கும் யாரையும் நீக்குனது இல்ல. ஆனா 1993ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி வி. ராமசாமி மேல வந்த பதவி நீக்க தீர்மானத்துல, விசாரணை கமிட்டி குற்றம் நிரூபணம்னு சொன்ன பிறகும், மக்களவையில ஆதரவா 196 ஓட்டு, எதிர்ப்பு ஒண்ணும் இல்ல, காங்கிரஸும் அதோட கூட்டாளிகளுமா 205 பேரு ஓட்டே போடாம உக்காந்திருந்தாங்க, வேண்டிய எண்ணிக்கை வராம தீர்மானம் விழுந்துது. தோத்துச்சுன்னு மட்டும் செய்தி போட்டா அந்த 205 பேரு வெளிய தெரியாமலே போயிடுவாங்க சார்.

அதனால அடுத்த தடவை எந்த நாட்டுலயா இருந்தாலும் கட்சி வாரியா ஓட்டு கணக்க போடுங்க, கட்சிய மீறுனவங்க பேரு போடுங்க, அடுத்த எலெக்ஷன்ல அவங்களுக்கு என்ன ஆச்சுன்னும் ஒரு பத்தி எழுதுங்க. இடம் இல்லன்னா சினிமா பக்கத்துல கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்