எத்தனை ஃபார்ம் தெரியும் என்ற கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனத் தற்காப்புக் கலைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அக்கலைகளை மதிப்போடு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் அதில் ஒரு மாணவரின் தேர்ச்சியை அவருக்குத் தெரிந்த ஃபார்ம்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்திருந்தது என்னை வருத்தியது. நெடுநாளாக இக்கலையைப் பயின்று வருபவன் என்ற முறையில், அந்த அளவுகோல் எவ்வளவு தவறானது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

பயிற்சிக் கூடங்களில் ஃபார்ம் என்று நாம் வழங்குவதைச் சீனர்கள் தாவ்லு என்பார்கள். ஒரு மரபின் நிற்கும் நிலைகள், அடிகள், தடுப்புகள், நகர்வுகள் ஆகியவற்றை மறந்துபோகாதபடி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்த வரிசை அது. மிங் பேரரசின் தளபதி சி ஜிகுவாங் 16ஆம் நூற்றாண்டில் படைவீரர்களுக்கென எழுதியபோது, வெறுங்கைப் போருக்கான 32 நிலைகளைப் படங்களுடன் விளக்கினார். பெரும் போர்க்களத்தில் இவை அவ்வளவாக உதவா என்பதை ஒப்புக்கொண்ட அவரே, கைகால்களைப் பழக்குவதற்கும் கலைக்குள் நுழைவதற்கும் இவையே வாயில் என்றும் கூறினார். உடலைப் பழக்குவதற்காக ஏற்பட்ட ஒன்றை மனப்பாடப் பாட்டைப் போல ஒப்பிப்பதில் என்ன பயன்?

நான் முதலில் சேர்ந்த வகுப்பில் இரண்டே ஆண்டுகளில் ஏழு ஃபார்ம்கள் கற்றுத் தரப்பட்டன. ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. பிறகு வேறோர் ஆசிரியரிடம் சென்றபோது, அவர் என்னிடம் ஃபார்ம் எதையும் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. முன்கால் முட்டியை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் வில்நிலையில் ஓர் எட்டு முன்வைத்து ஒரு கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். என் முன்கையின் மீது இரண்டு விரல்களை வைத்து அவர் மெல்லத் தள்ளியதும் நான் பின்னால் சாய்ந்துவிட்டேன். முன்கால் முட்டி பாதத்தின் திசையில் இல்லாமல் உட்புறமாகச் சரிந்திருந்தது. பின்காலின் குதிகால் தரையில் படியவில்லை. தோள் காதருகே ஏறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கால் ஊன்றுவதற்கு முன்பே கை போய்ச் சேர்ந்திருந்தது. ஏழு ஃபார்ம்களிலும் இந்த நான்கு பிழைகளையே நான் திரும்பத் திரும்பப் பழகியிருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது. அதன் பிறகு நான்கு மாதங்கள் அந்த ஓர் அசைவை மட்டுமே போட்டேன்.

அவர் சொல்லித் தந்தது பல சீன மரபுகளுக்கும் பொதுவான ஆறு இணைவுகள் என்னும் நெறி. கையோடு காலும், முழங்கையோடு முழங்காலும், தோளோடு இடுப்பும் சேர்ந்து இயங்குவது புறத்து மூன்று. உள்ளம் எண்ணத்தோடும், எண்ணம் சி எனப்படும் உயிர்மூச்சோடும், அது வலிமையோடும் இணைவது அகத்து மூன்று. அகத்தைப் பற்றி எழுத்தில் விளக்குவது கடினம். புறத்து மூன்றையோ ஒரு கண்ணாடியின் முன் நின்று எவரும் சோதித்துக்கொள்ளலாம். கையும் காலும் ஒரே நொடியில் சென்றடையாவிட்டால் அந்தக் குத்தில் உடலின் எடை சேர்வதில்லை. தோளும் கையும் மட்டுமே தனியாக உழைக்கின்றன.

மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனக் கலையான தாய் சி பயில்வோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எடை தாங்கும் காலை நிறைந்தது என்றும், தாங்காத காலை வெறுமையானது என்றும் பிரித்தறிய வேண்டும் என்பது அதன் முதன்மையான விதிகளுள் ஒன்று. வெறுமையான காலின் குதிகால் முதலில் தொட, பிறகு பாதம் படிய, அதன் பின்னரே எடை மெல்ல முன்னே செல்ல வேண்டும். இதைப் பொருட்படுத்தாமல் மடங்கிய முட்டியின் மீது முழு எடையையும் வைத்துக்கொண்டு திரும்பும்போது, இடுப்பில் நிகழ வேண்டிய திருப்பம் முட்டியில் விழுகிறது. முட்டிவலியோடு வகுப்பை விட்டுப் போனவர்கள் பலரை நான் அறிவேன்; அவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை தாய் சியின் கிளைகளுள் ஒன்றான யாங் மரபின் நெடிய ஃபார்மைச் சுருக்கி 24 நிலைகள் கொண்ட ஒன்றை உருவாக்கியது. எண்ணும் முறைக்கேற்ப 85 என்றும் 108 என்றும் சொல்லப்படும் அந்த நெடிய வரிசையில் ஒரே அசைவு பல முறை திரும்ப வரும். சுருக்கியபோது அவற்றுள் பெரும்பகுதி நீங்கிவிட்டது. பலரும் எளிதில் கற்க அது வழி செய்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் முறை தவறியதை அடுத்த முறை திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு குறைந்துவிட்டது. ஆகவே சுருங்கிய ஃபார்மைப் பயில்வோர் அதை ஒரே மூச்சில் இரண்டு மூன்று முறை போடுவதே நல்லது. ஒரே அசைவைத் திரும்பச் செய்வதன் பயனுக்கு, விங் சுன் என்னும் மற்றொரு சீனத் தற்காப்பு மரபின் முதல் ஃபார்மான சியு நிம் தாவ் நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கம் முதல் இறுதி வரை அதில் ஓர் எட்டு கூட எடுத்து வைப்பதில்லை. பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும் அதன் முதல் பகுதியில், ஒரு கை மட்டும் மிக மெதுவாக மும்முறை முன்சென்று மீள்கிறது. முழங்கை எங்கே இருக்கிறது என்பதை உடல் அறிந்துகொள்ளும் இடம் அதுதான்.

‘ஆயிரம் முறை போட்டால் பொருள் தானே விளங்கும்’ என்று சீனப் பயிற்சியாளர்களிடையே ஒரு சொல் உண்டு. பிழையை ஆயிரம் முறை போட்டால் பிழையே உறுதிப்படும் என்பதால், திருத்தும் கண் ஒன்று உடனிருக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அசைவின் பயனையும் ஒரு துணைவரோடு சோதித்துப் பார்த்தாக வேண்டும். பல ஃபார்ம்களில் ஒரு கை குத்தும்போது மறுகை இடுப்புக்குத் திரும்பும். எதிராளியின் மணிக்கட்டைப் பற்றி இழுக்கும் கை அது என்று தெரியாதவர் அதை அழகுக்காக மடக்கிக்கொள்கிறார். ஃபார்மே வீண், நேரடிச் சண்டைப் பயிற்சியே போதும் என்று இதைக் காரணமாகக் காட்டுவோரோடு நான் உடன்படவில்லை. பொருள் சொல்லாமல் கற்றுத் தந்தவரின் குறையை ஃபார்மின் தலையில் ஏற்றுவது முறையல்ல.

இப்பொருள் குறித்துத் தாங்கள் மீண்டும் எழுத நேர்ந்தால், உயரத் தாவும் படங்களோடு, ஓர் ஆசிரியர் தம் மாணவரின் பாதத்தை இரண்டு விரற்கடை நகர்த்தி வைக்கும் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்