உன் போனை எடுக்காததற்குக் காரணம்

அன்புள்ள வசு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் இருக்கட்டும். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. இரண்டு வருஷமாக உன் போனை நான் எடுக்கவில்லை. சார்ஜ் இல்லை, வேலையில் இருந்தேன் என்று அனுப்பியதெல்லாம் பொய். நீ நம்பியிருக்க மாட்டாய், தெரியும். உண்மையான காரணத்தையும் நம்ப மாட்டாய்: நீ சிரிக்க வைத்துவிடுவாயே என்ற பயம்தான்.

கீதா வீட்டு மாடியில் நான் விழுந்தது நினைவிருக்கிறதா? நீ நம் வார்டன் மாதிரி நடந்து காட்டினாய். சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் தாடை தொங்கியது, தலை ஆடியது, டம்ளர் நழுவியது, முழங்கால் ஈரத்துணி மாதிரி மடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எழுந்து "லோ பிபி" என்று சமாளித்தேன். அது முதல் தடவை இல்லையடி. அதற்கு முன்பே, சிரிப்பு வந்தால் கை தானாகச் சுவரைத் தேடும். கடைசியில் சிரிக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அப்படியென்றால் முதலில் உன்னைத்தானே விலக்க வேண்டும்?

போன மாதம்தான் பெயர் தெரிந்தது. நார்கோலெப்சி என்ற தூக்க நோய். சிரித்தால் விழுவது அதன் கூடப்பிறப்பு, கேட்டாப்ளெக்ஸி. நீ வைத்த கும்பகர்ணி பட்டத்துக்கு இனி மருத்துவச் சான்றிதழே உண்டு. ஆனால் கும்பகர்ணனாவது ஒழுங்காகத் தூங்கினான். நான் ராத்திரி நாலைந்து தடவை விழிக்கிறேன், பகலில் சொக்கி விழுகிறேன். என் நோட்டைக் காப்பியடிக்கும்போது பாதிப் பக்கத்துக்கு மேல் கோழிக் கிறுக்கல் என்று கத்துவாயே, அதெல்லாம் தூங்கிக்கொண்டே எழுதியது. எகனாமிக்ஸ் நடுவில் "ஆட்டைக் கட்டு" என்று இருந்ததே! இப்போது அதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. கை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, மூளை கனவுக்குப் போய்விட்டது.

கண்டுபிடிக்க 14 வருஷம். பலருக்கும் இப்படித்தான் பத்து வருஷம் போல இழுக்கிறதாம். ஒரு டாக்டர் ரத்தசோகை என்றார். ஒருவர் மனச்சோர்வு என்றார். இன்னொருவர் வலிப்பு என்று சொல்ல, இரண்டு வருஷம் அந்த மாத்திரையை விழுங்கினேன். "ராத்திரி சீக்கிரம் படும்மா, சரியாயிடும்" என்றவரை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த முறை பார்த்த டாக்டர், உட்கார்ந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "சிரிச்சா முழங்கால் தளருதா?" நான் அழுதுவிட்டேன்.

பரிசோதனை பெரிய கூத்து. தலையெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக ஐந்து தடவை, "தூங்குங்கள்" என்று விளக்கை அணைத்தார்கள். வாழ்க்கையில் நான் முதலிடம் வாங்கிய பரீட்சை அதுதான். சராசரியாக 8 நிமிஷத்துக்குள் தூங்கினால் சந்தேகம், எனக்கு 3. கனவுத் தூக்கம் எல்லாருக்கும் கண் அயர்ந்து ஒன்றரை மணி நேரம் போல ஆன பிறகுதான் வரும். எனக்கு ஐந்தில் நாலு தடவை படுத்த சில நிமிஷத்திலேயே வந்துவிட்டது. இரண்டு தடவை வந்தாலே போதுமாம்.

ஏன் என்று கேட்டேன். மூளைக்குள் ஹைப்போதாலமஸ் என்ற இடத்தில் கொஞ்சம் செல்கள் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கின்றன. விழிப்பைப் பிடித்து நிறுத்தும் தாழ்ப்பாள் அது. 1998-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்ததால் ஹைப்போகிரெட்டின் என்றும் சொல்கிறார்கள். என் மாதிரி ஆட்களுக்கு அந்தச் செல்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவற்றை அழிக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். கனவில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடம்பு தசைகளைக் கட்டிப்போடுமே, அந்தக் கட்டு எனக்கு முழித்திருக்கும்போதே விழுகிறது, அதுவும் சந்தோஷத்தில். ஸ்டான்ஃபோர்டில் இதே நோயுள்ள டாபர்மேன் நாய்களை வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். பிடித்த தீனியைக் கண்டதும் குஷியில் அவை மடங்கி விழுமாம். சாப்பாட்டைப் பார்த்து விழுகிற நாய்கள் என்றதும் உனக்கு யார் நினைவு வரும் என்று தெரியும். வேண்டாம், பாவம் அவள்.

செகண்ட் இயரில் எனக்குப் பதினைந்து நாள் காய்ச்சல் அடித்ததே, அதற்கப்புறம்தான் இது தொடங்கியதோ என்று தோன்றுகிறது. சில பேருக்கு ஃப்ளூ மாதிரித் தொற்று இதைக் கிளப்பிவிடும் என்றார் டாக்டர். என் விஷயத்தில் அதுதான் என்று அவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

முழுக்கக் குணமாகாது வசு. தூங்கி வழியாமல் இருக்கக் காலையில் மோடாஃபினில் மாத்திரை, விழாமல் இருக்க வென்லாஃபாக்சின், பகலில் நேரம் குறித்து இரண்டு குட்டித் தூக்கம். வென்லாஃபாக்சினைத் திடீரென்று நிறுத்தினால் விழுவது பல மடங்காகத் திரும்புமாம், அதனால் டப்பா எப்போதும் கைப்பையில். வண்டிச் சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அதற்குக்கூட நான் வருத்தப்படவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவதை நிறுத்தினேனே, அதுதான் தாங்கவில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிக்கிக்கென்று சிரிப்பாள், எனக்குக் கால் போகும். அவளுக்கும் வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு நூற்றில் ஒன்றிரண்டு என்றார். ராத்திரி விழிக்கும்போதெல்லாம் அந்த ஒன்றிரண்டைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. விழுவது நன்றாகக் குறைந்திருக்கிறது. அதனால் நீ வா. வந்ததும் முதலில் என்னை உட்கார வைத்துவிட்டு அப்புறம் வாயைத் திற. அப்படியும் சாய்ந்தால் தலை இடிபடாமல் பிடித்துக்கொள், தானாகத் தெளியும். தண்ணீர் தெளிக்காதே. அது மயக்கமில்லை, கண்தான் திறக்காது, காது நன்றாகக் கேட்கும். கீதா வீட்டு மாடியில் "இவ நடிக்கிறாடி" என்று உன்னிடம் கிசுகிசுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதற்கு நீ சொன்ன பதிலும் தெரியும். நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன்,
கும்பகர்ணி