கூரைமேல் டேங்க் வேண்டாம், தங்கராஜ்

தக்கலை

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் கிடைத்தது மக்கா. மைனிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் சாந்திக்குத்தான் ரொம்ப சந்தோஷம். இங்கே எடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது, ஊர் சுற்றப் போனால் நாங்கள் உள்ளேயே தங்கும் வேன் வண்டியும் ஷெட்டில் சும்மா நிற்கிறது. சரி, இந்தச் சமயத்தில் அதன் தண்ணீர் லைன் முழுவதையும் பிரித்து மாற்றிவிடலாம் என்று இறங்கி, ஒருவழியாக முடித்துவிட்டேன். நீயும் கோயம்புத்தூரில் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதே யோசனையில் இருக்கிறாய் என்பதால் இந்தக் கடிதத்தில் பாதிக்குமேல் குழாயும் பம்பும்தான். பொறுத்துக்கொள்.

முதலில் உன் திட்டத்துக்கு வருகிறேன். கூரைமேல் டேங்க் வைத்துவிட்டால் வீட்டு மொட்டைமாடியில் இருப்பதுபோலத் தண்ணீர் தானாக இறங்கும், பம்பே வேண்டாம் என்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு அடி உயரத்துக்குச் சதுர அங்குலத்தில் அரை பவுண்டு அழுத்தம்கூடக் கிடைக்காது. கூரைக்கும் சிங்க் குழாய்க்கும் நடுவே ஐந்தடி இருந்தால் இரண்டு பவுண்டுதான் தேறும். டம்ளர் கழுவலாம், ஷவரில் குளிக்க முடியாது. அதோடு ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 90 லிட்டர் டேங்க் என்றால் 90 கிலோ. அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி ஓட்டிப் பார், ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்குத் தெரியும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் மோட்டார் இல்லாமல் போகவில்லையா என்று அடுத்து நீ கேட்பாய், எனக்குத் தெரியும். 1966-ல் கட்டியது, 28 தூண்கள், 115 அடி உயரம், எல்லாம் சரி. அங்கே இந்தப் பக்கம் ஒரு மலை, அந்தப் பக்கம் ஒரு மலை. உன் டிராவலரில் மலைக்கு எங்கே போவாய்?

அதனால் டேங்க் கீழேதான். என் வண்டியில் அது ஆக்ஸிலுக்கும் பின்னால், கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்தது. நிரப்பினால் பின்பக்கம் அமுங்கும். இப்போது இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே கொண்டுவந்துவிட்டேன். பழைய டேங்க் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக், ஓரமெல்லாம் பாசி. புதியது கறுப்பு, உணவுப்பொருள் வைக்கத் தகுந்த ரகம், உள்ளே தடுப்புகள் உண்டு. குலசேகரம் பக்கத்து வளைவுகளில் தண்ணீர் ஒரே மொத்தமாகப் புரளுவது இதனால் குறைகிறது. மேலே காற்றுப்போக்கிக் குழாய் கட்டாயம் வை. அது இல்லையென்றால் நிரப்பும்போது தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வரும், பம்ப் இழுக்கும்போது டேங்க் ஒட்டிப்போகும்.

அப்புறம் குழாய். வண்டிக்கு உள்வேலை செய்து கொடுத்தவர்கள், வீட்டுக்குப் போடுவதைப்போலவே சிபிவிசி என்கிற விறைப்பான பிளாஸ்டிக் குழாய் போட்டு, எல்போ என்கிற வளைவு மூட்டையெல்லாம் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். வீட்டுச் சுவர் ஆடாது, வண்டி ஆடும். மார்த்தாண்டம் ரோட்டில் போய்வந்தால் எந்த எல்போ முதலில் விடும் என்பதுதான் கேள்வி. பிரித்தபோது சிங்குக்கு அடியில் ஒரு மூட்டில் மயிரிழை விரிசல், அதைச் சுற்றிப் பிளைவுட் ஊதிப்போய் விரலால் அமுக்கினால் உதிர்ந்தது. வெளியே ஒரு சொட்டு தெரியவில்லை. நான் டிப்போவில் இருந்த காலத்திலும் ஆட்டம் உள்ள இடத்தில் ஹோஸ்தான் போடுவோம். இப்போது எல்லாமே வளைகிற குழாய், தள்ளிச் சொருகும் இணைப்புகள். வீட்டு ஆர்ஓ மெஷினில் பார்த்திருப்பாய்: குழாயைத் தள்ளினால் பிடித்துக்கொள்ளும், வளையத்தை அமுக்கினால் விட்டுவிடும். அதே ரகம், கொஞ்சம் பெரிய அளவு. ஒவ்வொரு இணைப்பும் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று பிளம்பர் தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பலகைக்குப் பின்னால் மூட்டு போட்டால் பின்னால் பலகையை அறுக்க வேண்டிவரும்.

பம்ப் 12 வோல்ட், நிமிடத்துக்கு 10 லிட்டர், 40 பவுண்டு அழுத்தம் வந்ததும் தானாக நிற்கும். கடையில் இன்னும் பெரியதைக் காட்டுவார்கள், வாங்காதே; பேட்டரிக்கும் கேடு, தண்ணீரும் சீக்கிரம் தீரும். முன்னால் ஒரு வலை பில்டர் வை. சின்னத் துகள் போனாலும் பம்பின் வால்வு சரியாக மூடாது. சாந்தியின் ஒரே புகார் சத்தம்தான். முட்டத்தில் ராத்திரி தங்கினால், யாராவது வாய் கொப்பளித்தாலே பம்ப் டுர்ர், டுர்ர் என்று விட்டுவிட்டு அலறும். அதற்கு ஒரு சின்ன அழுத்தக் கலம் போட்டேன். ஒரு லிட்டர் அளவுதான், உள்ளே ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். கொஞ்சமாகத் திறந்தால் அதில் உள்ள தண்ணீரே வந்துவிடும், பம்ப் விழிக்காது. பம்பின் இரு பக்கமும் ஒரு முழம் மெத்தென்ற ஹோஸ், காலுக்கு ரப்பர். செலவழித்த காசில் எனக்குத் திருப்தி தந்தது இதுதான். ஆனாலும் படுக்கும்போது பம்ப் ஸ்விட்சை அணைத்துவிடு. ராத்திரி ஒரு இணைப்பு விட்டால் டேங்க் முழுவதையும் வண்டிக்குள் கொட்டிவிட்டுத்தான் அது ஓயும்.

எல்லாம் மாட்டியதும் வாசனை சேர்க்காத ஐந்து சதவீத பிளீச், லிட்டருக்கு ஒரு மில்லி கணக்கில் ஊற்றி, குழாய்களைத் திறந்து வாசம் வரும்வரை விட்டு, நாலு மணி நேரம் வைத்து, வடித்து, வாசம் போகும்வரை அலசினேன். என்ன செய்தாலும் குடிக்கத் தனிக் கேன்தான். கடற்கரைப் பக்கம் நிரப்பினால் உப்புக் கரிக்கும், திற்பரப்புப் பக்கம் நிரப்பினால் நன்றாக இருக்கும். இரண்டும் கலந்த டேங்கில் டீ போட்டால் உனக்குப் பிடிக்காது.

உன் வண்டியில் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே, தரைக்கு மேலே எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதி அனுப்பு. அதற்குமுன் டேங்க் ஆர்டர் கொடுத்துவிடாதே. மைனியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஸ்டீபன்