ஷாநாமா வெறும் அரசர் துதியன்று

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரசீக இலக்கியம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் தொடரின் சென்ற வாரப் பகுதி, பிர்தௌசியின் ஷாநாமாவை மன்னர்களின் புகழ் பாடும் நூல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 1010ஆம் ஆண்டு நிறைவுற்ற, ஏறத்தாழ 50,000 ஈரடிகள் கொண்ட அக்காவியத்தில் நல்லரசர்களும் வருகிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் அதன் மிகச் சிறந்த பகுதிகளில் பழிக்கு ஆளாவது அரியணையில் இருப்பவர்தான்.

காவியத்தின் மாவீரன் ருஸ்தம் தன் மகன் சுஹ்ராபை அடையாளம் தெரியாமல் வீழ்த்தினான் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. நெஞ்சைப் பிளப்பது அதற்குப் பின் நடப்பது. தான் சுஹ்ராபின் தாய் தஹ்மீனாவிடம் கொடுத்துவிட்டு வந்த மணியை மகனின் புயத்தில் கண்ட ருஸ்தம், குற்றுயிராய்க் கிடப்பவனைப் பிழைக்கவைக்கும் மருந்து கேட்டு மன்னன் கை காவூஸிடம் ஆள் அனுப்புகிறான். மாசந்தரானில் பார்வையிழந்து சிறைப்பட்டபோதும், பின்னர் ஹாமாவரானில் சிறைப்பட்டபோதும் அந்த மன்னனை மீட்டவன் இதே ருஸ்தம்தான். இருந்தும், தந்தையும் மகனும் சேர்ந்து நின்றால் தன் ஆட்சி நிலைக்காது என்று அஞ்சி, காவூஸ் மருந்தைத் தர மறுத்துவிடுகிறான். தானே நேரில் கேட்கப் புறப்பட்ட ருஸ்தமுக்கு வழியிலேயே மகனின் சாவுச் செய்தி வந்து சேர்கிறது. இதைப் பாடியவரையா துதிபாடி என்பது?

கொல்லன் காவேயைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. தான் நீதிமான் என்று கொடுங்கோலன் ஜஹ்ஹாக் பெரியவர்களிடம் கையொப்பம் வாங்கிய பத்திரத்தை அவையிலேயே கிழித்து மிதித்துவிட்டு, இடையில் கட்டியிருந்த தோலை ஈட்டியில் உயர்த்தித் தெருவில் இறங்கி மக்களைத் திரட்டுகிறான் காவே. அந்தத் தோலே பின்னர் ஈரானின் அரசக் கொடியாயிற்று என்கிறது காவியம். கஜினி மாமூதுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூலில் இப்படியொரு காட்சி இடம்பெற்றிருப்பதே பிர்தௌசியின் துணிவைக் காட்டும். அவருக்குத் தக்க பரிசில் கிடைக்கவில்லை என்றே மரபு சொல்கிறது.

அடுத்த பகுதியில் இளவரசன் இஸ்ஃபந்தியாரின் கதை வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். ருஸ்தமின் கையால் இஸ்ஃபந்தியாருக்குச் சாவு என்று அமைச்சன் ஜாமாஸ்ப் கணித்துச் சொன்ன பிறகும், முடியை விட்டுக்கொடுக்க மனமின்றி, ருஸ்தமை விலங்கிட்டுக் கொண்டுவருமாறு அவனை ஏவிய அவன் தந்தை, மன்னன் குஷ்தாஸ்பின் சூதையும், தன்னைக் கொன்றது ருஸ்தமோ அவனது அம்போ அல்ல, தன் தந்தையே என்று இஸ்ஃபந்தியார் இறக்கும்போது சொல்வதையும் விட்டுவிடாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்