நைந்த இரைக்குத்தான் மீன் வருமா? நைனாவுக்கு ஒரு கடிதம்

டாலஸ், டெக்சாஸ்
மே 10

அன்புள்ள நைனாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் ஆயாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தடைக்காலம் முடிய ஜூன் 14 ஆகும். அதுவரை விசைப்படகு காசிமேட்டில் கட்டிக் கிடக்கும், நீங்களும் வலை பழுது பார்த்துக்கொண்டு வீட்டில்தான் இருப்பீர்கள். அதனால் போனில் சொல்லி முடிக்க முடியாத ஒரு விஷயத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வஞ்சிரத்துக்காகப் படகின் பின்னால் நீங்கள் கட்டி இழுக்கும் மஞ்சள் நரம்பிழைகளால் கட்டிய அந்தப் பொய் இரையை அம்மா குப்பையில் போடப் பார்த்ததாகவும், "நைந்த இரைக்குத்தான் மீன் வரும், புதுசைக் கண்டால் மிரளும்" என்று சொல்லி நீங்கள் அதை வாங்கி ஆணியில் மாட்டியதாகவும் போன வாரம் சொன்னீர்கள். இங்குள்ள பாஸ் மீனுக்கும் அது பொருந்துமா என்றும் கேட்டீர்கள். இங்கேயும் ஏரிக்கரையில் பெரியவர்கள் இதே பேச்சைத்தான் பேசுகிறார்கள். அன்றைக்கு எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. இந்த ஒரு வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாஸ் மீனை நீங்கள் பார்த்ததில்லை. நம் எண்ணூர் முகத்துவாரத்துக் கொடுவாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இன உறவு கிடையாது, இது நன்னீர் மீன். ஆனால் வேட்டையாடும் பழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டை மறைவிலோ செடி மறைவிலோ அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் பெரிய வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். நான் போகும் ஃபோர்க் ஏரி, டாலஸுக்குக் கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரப் பயணம். 1980இல் ஓர் ஓடையை அணை கட்டி நீர் தேக்கத் தொடங்கிய ஏரி அது, 27,000 ஏக்கருக்கு மேல் பரப்பு. அன்று வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் பட்ட மரங்களாக நிற்கின்றன. இந்த மரங்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பொய் இரையை இங்கே லூர் என்கிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர், நாற்பது ஆண்டுக்கு மேல் இந்த மீனைப் பிடித்தவர், போன மாதம் தம்முடைய பழைய லூர் ஒன்றை என் கையில் கொடுத்தார். சுண்டு விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் மீன். வயிற்றுப் பக்கம் வெள்ளிச் சாயம் முழுவதும் போய், உள்ளே தந்த நிறம் தெரிகிறது. ஒரு பக்கத்துக் கண் இல்லை. தண்ணீருக்குள் முங்க வைக்கும் முன் தகடு, கல்லிலும் கட்டையிலும் தேய்ந்து புகை படிந்த கண்ணாடி போல் மங்கியிருக்கிறது. முதுகில் மணல்தாளால் தேய்த்தது போலப் பொடிப்பொடியான கீறல்கள். பாஸ் மீனின் பற்கள் அப்படித்தான், கடிபட்டால் வெட்டாது, ஆனால் வாயில் கட்டை விரலை வைத்துத் தூக்கித் தூக்கியே எங்கள் விரல் தோல் சொரசொரத்துப் போகும். அதைக் கொடுத்துவிட்டு அவர், "இதைப்போல் புதுசு பத்து வாங்கிவிட்டேன், எதுவும் இதற்கு ஈடு இல்லை" என்றார். நீங்கள் பேசியது போலவே இருந்தது.

நான் கடையில் அதே அளவு, அதே வண்ணத்தில் புதிது ஒன்று வாங்கினேன். போன சனிக்கிழமை விடியற்காலையில் இரண்டையும் எடுத்துப் போய், ஒரே கழியில் பத்து வீச்சுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வீசினேன். முதல் இரண்டு மணி நேரத்தில் பழையதை ஐந்து மீன் அடித்தது, புதியதை மூன்று. ஆனால் கரைக்கு வந்ததைப் பார்த்தால் பழையதில் இரண்டு, புதியதில் மூன்றும். பழையதில் தவறிய மூன்றில் ஒன்று, என் முழங்கை நீளம் இருக்கும், படகோரம் வரை வந்து தலையை ஒரு உதறு உதறியது. தூண்டில் முள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முள்ளின் நுனியைக் கட்டை விரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். கூரான முள் நகத்தில் குத்தி நிற்கும். இது சறுக்கிக்கொண்டு போனது. அந்த மீனை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை நைனா. நகத்தில் இழுத்துப் பார் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள். போவதற்கு முன் அதைச் செய்ய மறந்துவிட்டேன்.

முள்ளை மாற்றிய பிறகு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பட்ட மரத்தின் தண்டில் லூர் முட்டி, சட்டென்று திசை மாறி விலகும் அந்த நொடியில்தான் மீன் பாய்கிறது. வெட்டவெளித் தண்ணீரில் எத்தனை முறை இழுத்தாலும் ஒன்றும் வருவதில்லை. அப்படியானால், மரத்தில் முட்டி முட்டிச் சாயம் போன லூர் என்பது, மீன் இருக்கிற இடத்திலேயே காலமெல்லாம் வீசப்பட்ட லூர். சிக்கிக்கொள்ளுமோ என்று பயந்து வெட்டவெளியில் வீசப்பட்டது சாயம் கலையாமல் பெட்டியில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பத்து லூர் வாங்கினால், மீன் பிடித்துத் தருவதைத்தான் திரும்பத் திரும்பக் கட்டுகிறோம், அதுதான் நைகிறது. பிடிக்காதது புதிதாகவே கிடக்கிறது. நைந்ததால் மீன் வந்தது என்று நாம் நினைக்கிறோம். எனக்கென்னவோ மீன் வந்ததால்தான் அது நைந்தது என்று தோன்றுகிறது.

ஒரே அச்சில் வார்த்த லூர்கள்கூட நீச்சலில் முழுக்க ஒன்று போல் இருப்பதில்லை. நரம்பு கட்டும் கம்பி வளையம் ஒரு மயிரிழை வளைந்திருந்தால் போதும், ஒன்று நேராக ஓடும், இன்னொன்று அவ்வப்போது பக்கவாட்டில் தடுமாறி ஓடும். அந்தத் தடுமாற்றம்தான் காயம்பட்ட மீன் போல் தெரிகிறது. பின்லாந்து நாட்டில் லௌரி ரபாலா என்ற மீனவர், நம்மைப் போல் பிழைப்புக்கு மீன் பிடித்தவர், பெரிய மீன்கள் கூட்டத்தில் ஒழுங்காக நீந்தாத குஞ்சைத் தேடி அடிப்பதைப் படகிலிருந்தே கவனித்து, 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை மேலே ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசி முதல் லூரைச் செய்தார். இன்றைக்கு உலகம் முழுவதும் விற்கிற பெயர் அவருடையது. அவர் கவனம் எல்லாம் லூர் நீந்தும் அந்த நடையில்தான் இருந்தது.

அதற்காகத் தேய்மானத்தால் பலனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தெளிந்த தண்ணீரும் உச்சி வெயிலுமாக இருந்தால் புது லூரின் பளபளப்பு மிகையாகத் தெரியும், மங்கியது மேல். உங்கள் மஞ்சள் இரைக்கு இன்னும் நல்ல காரணம் உண்டு: நரம்பு நுனிகள் பிரிந்து பஞ்சு போல் ஆனதால், இழுக்கும்போது சுருங்கியும் விரிந்தும் உயிருள்ளது போல் துடிக்கும். புதிதாகக் கட்டியது விறைப்பாக நிற்கும். அந்த வகை இரைக்கு நீங்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மரத்தில் செய்த லூரில் பூச்சு வெடித்தால் தண்ணீர் உள்ளே ஏறிக் கனத்து நடையே கெட்டுவிடும், முன் தகடு உடைந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

புதியதன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் மீனை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்பது அரசு விதி. பிடித்த மீனைத் திரும்ப விடுவதா என்று நீங்கள் வருந்துவீர்கள். எனக்கும் முதலில் கை வரவில்லை. விட்ட மீன் பட்டதைச் சீக்கிரம் மறப்பதில்லை. பல முறை முள் பட்ட மீனுக்கு, அது கண்டிராத உருவமும் சத்தமும் உள்ள லூர் சில நாள் நன்றாக வேலை செய்கிறது.

இந்த மீனின் உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி பிடித்தது. அன்று அவரிடம் இருந்ததே ஒரே ஒரு லூர் என்று இங்கே சொல்வார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைச் சமன் செய்தார். அவர் போட்டது உயிருள்ள சிறு மீன். ஆகவே அந்த இரண்டு மீனும் நம் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தடைக்காலம் முடிந்து படகு கிளம்பும் முன், அந்த மஞ்சள் இரையைப் போலவே அதே நரம்பில், அதே கனத்தில் புதிதாக ஒன்று கட்டுங்கள். இரண்டுக்கும் புது முள் போடுங்கள். இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று என்று ஒரே நீளத்தில் விட்டு, பாதி வழியில் பக்கம் மாற்றுங்கள். எதற்கு எத்தனை வஞ்சிரம் வந்தது என்று தம்பியை நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள், அடித்துத் தப்பியதையும் சேர்த்து. அம்மாவிடம் அந்த ஆணியைத் தொட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்